தளை தட்டும் இடம்

மயிலம் தமிழ்க் கல்லூரியில் புலவர் படிப்பில் சேர்ந்த புதிது. யாப்பு வகுப்பு. கரும்பலகையில் ஒரு குறள் எழுதியிருந்தது. நான் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினேன். பேராசிரியர் பார்த்துவிட்டார். "பேனாவைக் கீழே வைடா. தொடையில தட்டு" என்றார்.

தொடை என்றால் எதுகை, மோனை, இயைபு என்று அந்த வாரம்தான் பாடம் நடந்திருந்தது. எந்தத் தொடையைத் தட்டச் சொல்கிறார் என்று விழித்தேன். அவர் வேட்டி கட்டிய தம் வலது தொடையில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே குறளைச் சொன்னார். சீருக்கு ஒரு தட்டு. ஏழாவது சீரில் கை தொடையிலேயே தங்கிவிட்டது. "முடிஞ்சுதுன்னு நான் சொல்லவே இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். வகுப்பில் யாரும் பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசிச் சீர் குறைந்து நிற்கும். நடந்து வந்த கால் சட்டென்று நின்றதுபோல் இருக்கும். அந்த நிற்றலுக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் சொல்லித் தந்தார்.

அந்த வரிசையைத்தான் முப்பத்து மூன்று வருடம் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். முதலில் காது, பிறகு கணக்கு, கடைசியில் பெயர். வரிசை மாறிய போதெல்லாம் என் பாடம் கெட்டது. பலமுறை கெட்டிருக்கிறது.

செஞ்சிப் பக்கத்து அரசுப் பள்ளியில் 1984இல் சேர்ந்தேன். அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993இல். வகுப்பறைச் சன்னலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். பத்தாம் வகுப்பில் தமிழுக்கு இரண்டு தாள் இருந்த காலம். குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வார்கள். மாணவர்கள் இதற்குப் பயப்படவே இல்லை என்பதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. காரணம், கேட்கக்கூடிய குறள்கள் பத்துப் பன்னிரண்டுதான் என்று கணக்குப் போட்டு, நோட்ஸில் இருந்த அட்டவணைகளை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். சீர், அசை, வாய்பாடு என்று மூன்று கட்டம். குறளையே பார்க்காமல் கட்டத்தை நிரப்பினார்கள். ஒரு குறளில் ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்தேன். முழு வகுப்பும் பழைய வாய்பாட்டையே எழுதித் தந்தது.

மறுநாள் புத்தகத்தை மூடச் சொன்னேன். "நம்ம ஊர்ப் பேரைத் தட்டுங்கடா." செஞ்சி: செஞ், சி. இரண்டும் ஒற்றைத் தட்டு, நேர் நேர், தேமா. மயிலம்: மயி என்பது குறில் இரண்டு ஒட்டி வருவதால் நிரை, லம் நேர், புளிமா. விழுப்புரம்: விழுப், புரம், நிரை நிரை, கருவிளம். பஸ் பலகையில் இருந்த ஊரெல்லாம் முடிந்ததும் கோட்டையின் மூன்று மலைகளுக்கு வந்தோம். ராஜகிரி: ரா, ஜகி, ரி. கூவிளங்காய். கிருஷ்ணகிரி: கிருஷ், ணகி, ரி. கருவிளங்காய். சந்திரகிரி: சந், திர, கிரி. கூவிளங்கனி. கனிச்சீர் வெண்பாவுக்குள் வராது. "அப்போ மூணு மலையில ரெண்டுதான்யா வெண்பாவுல ஏறும்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். முப்பது வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் வெண்பாவைத் தொடங்கினேன். நேர், நிரைக்கு இலக்கணம் சொல்லாமலேயே பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

தளை என்பது அதற்கு அடுத்த படி. ஒரு சீர் முடிகிற விதத்துக்கும் அடுத்த சீர் தொடங்குகிற விதத்துக்கும் உள்ள உறவு. வெண்பாவில் மா முடிந்தால் அடுத்து நிரை, விளம் முடிந்தால் நேர், காய் முடிந்தால் நேர். மூன்றே கட்டளைதான். இதை மீறினால் தளை தட்டும் என்போம். மாட்டு வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதுபோல் காதுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் சொந்தமாக ஒரு குறள் வெண்பா எழுதி வர வேண்டும் என்றேன். பெரும்பாலும் தாய், தமிழ், கல்வி. ஒருவன் மட்டும் குரங்கைப் பற்றி எழுதி வந்தான். கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே குரங்குகள் தோளில் தொங்கும் பையைக்கூட விடாது. அவன் முதலில் எழுதியது இது:

கோட்டை மேலே குரங்கேறிப் பார்த்தாலும்
வேட்டை கிடையா வெயில்

வெயில் காலத்தில் கோட்டைக்கு ஆள் வராது, குரங்குக்குப் பொட்டலம் கிடைக்காது என்கிறான். வகுப்பு சிரித்தது. நான் தட்டச் சொன்னேன். கோட்டை, தேமா. மேலே, அதுவும் தேமா. மாவுக்குப் பின் நேர் வந்துவிட்டது. அகவலுக்கு உரிய ஓசை, வெண்பாவில் இடறுகிறது. "எதாவது நிரையில தொடங்குற சொல்லு போடுடா" என்றேன். பையன் சன்னலைப் பார்த்தான். எதிரே ராஜகிரி. "கோட்டை மலைமேல்" என்றான். மலை நிரை, மேல் நேர், புளிமா. சரியாகிவிட்டது.

அதுவரை அந்தப் பாட்டில் மலை இல்லை. தளை கேட்டதால் மலை வந்தது. மலை வந்ததும் குரங்கு ஏறுவதற்கு ஒரு உயரம் கிடைத்தது, வெறும் வெயிலைப் பார்ப்பதற்கு ஒரு தூரம் கிடைத்தது. கோட்டை, வேட்டை என்று எதுகை ஏற்கெனவே இருந்தது. கோ, கு என்று மோனை, வே, வெ என்று இன்னொரு மோனை, அவன் அறியாமலே விழுந்திருந்தன. பாட்டை ஆராய்கிறவர்கள் யாப்பைக் கவிஞனைக் கட்டிப்போடும் கயிறு என்றே பார்க்கிறார்கள். அந்தக் கயிறு ஒரு சொல்லை இழுத்து வருவதை நான் கண்ணால் பார்த்தது அந்த வகுப்பில்தான்.

பாட்டைப் பலகையில் எழுதி வேறொரு மாணவியை அலகிடச் சொன்னேன். அவள் நல்ல பிள்ளை, சந்தி பிரித்து எழுதினால்தான் பொருள் விளங்கும் என்று நானே சொல்லித் தந்திருந்தேன். "குரங்கு ஏறி" என்று பிரித்துவிட்டாள். மொத்தம் எட்டுச் சீர். குரங்குக்குப் பின் ஏறி, மாவுக்குப் பின் நேர், மறுபடியும் தளை தட்டியது. "ஐயா, இது வெண்பா இல்லை" என்றாள். பொருளுக்காகப் பிரிப்பது வேறு, ஓசைக்காகப் பிரிப்பது வேறு என்று அன்று ஒரு மணி நேரம் பேசினேன். குரங், கே, றிப். புளிமாங்காய். உகரம் ஏகாரத்தில் கரைந்துவிட்டது. கரைந்த உகரத்தை நாம் வெளியே இழுத்தால் பாட்டு உடையும்.

இந்தச் சிக்கல் பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. மர்ரே எஸ். ராஜம் 1950களில் சந்தி பிரித்த பதிப்புகளை மலிவு விலையில் கொண்டுவந்தார். பண்டிதர் வீட்டுப் பரணில் இருந்த நூல்கள் சாதாரண வாசகர் கைக்கு வந்தது அதனால்தான். நானும் அவற்றில் படித்தவன். ஆனால் அந்த மாதிரிப் பதிப்பை வைத்துக்கொண்டு அலகிட உட்கார்ந்தால் பாதி வரிகள் பிழை என்றே படும். என் தொழிலில் நான் கற்ற ஒழுங்கு இது: தளை தட்டினால் முதலில் என் பிரிப்பைச் சந்தேகிப்பேன். அடுத்து அச்சை. அதற்கும் அடுத்து ஏட்டை எழுதியவரை. கவிஞரைச் சந்தேகிக்கும் முறை கடைசியில்தான் வரும். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

ஒருமுறை பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் இந்த ஒழுங்கு எனக்கு உதவியது. ஊரும் வருடமும் வேண்டாம். அலகிடக் கொடுத்த குறளில் அளபெடை உண்டு. அளபெடை என்பது ஓசை குறையும் இடத்தில் நெடிலை நீட்டி, அதன் பக்கத்தில் இனமான குறிலை எழுதிக் காட்டுவது. வினாத்தாளில் அந்த ஒற்றைக் குறிலை விட்டுவிட்டார்கள். அச்சில் உள்ளபடி அலகிட்ட பிள்ளைகளுக்கு ஒரு விடை, மனப்பாடத்திலிருந்து எழுதியவர்களுக்கு இன்னொரு விடை. விடைக்குறிப்பு இரண்டாவதை மட்டுமே ஏற்றது. அதாவது, கண்ணால் பார்த்து உண்மையாக அலகிட்ட பிள்ளைகளுக்குப் பூஜ்யம். முதன்மைத் தேர்வாளரிடம் போய், "ஒரு தாளில் பாருங்கள் சார், இந்தப் பெண் 'இங்கே ஓசை குறைகிறது' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்" என்று காட்டினேன். அந்த வரியைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டு விடைக்கும் மதிப்பெண் தரலாம் என்று முடிவானது. அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. பதிவெண் மட்டும்தான் இருந்தது.

அசை பிரித்தலை வெறும் பரீட்சைக் கணக்கு என்று நினைத்திருந்த என்னை மாற்றியது மேல்சித்தாமூர். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான். உடன் வேலை பார்த்த சமணரான நயினார் ஒருவர், தம் உறவினர் வீட்டில் பழைய ஏடு இருக்கிறது வாருங்கள் என்று கூட்டிப்போனார். ஏட்டைக் கையில் எடுத்து ஐந்து நிமிடம் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை. புள்ளி கிடையாது. மெய்யா உயிர்மெய்யா என்று தெரியாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'கொலை' என்றும் வாசிக்கலாம், 'கோலை' என்றும் வாசிக்கலாம்.

நயினார் சிரித்துக்கொண்டே, "முன்னாடி இருக்கிற சீரைப் பாருங்க" என்றார். அது மாவில் முடிந்திருந்தது. வெண்பா. அடுத்தது நிரையாக வேண்டும். கொலை நிரை. கோலை நேர் நேர். ஆகவே அது கொலைதான். முன் சீர் விளமாக இருந்திருந்தால் கோலை ஆகியிருக்கும். கொலையா கோலா என்பதைத் தளை தீர்த்துவைத்தது. ஏடு பார்த்துப் பதிப்பித்த முன்னோர்களுக்கு யாப்பறிவு ஏன் கண்ணைப் போன்றது என்று அன்றைக்கு விளங்கியது.

யாப்பருங்கலக்காரிகையை எழுதிய அமிதசாகரர் சமணர். ஏறக்குறைய ஆயிரம் வருடமாக நாம் யாப்பு படிப்பது அவர் புத்தகத்தில்தான். அதை அவர் கட்டளைக் கலித்துறையில் எழுதினார். அந்தப் பாவில் ஒவ்வோர் அடியிலும் ஒற்றை நீக்கி எழுத்தை எண்ண வேண்டும். அடி நேரில் தொடங்கினால் பதினாறு, நிரையில் தொடங்கினால் பதினேழு. வகுப்பில் புளியங்கொட்டையை வைத்து எண்ணுவோம். புளிமாவுக்குப் புளியங்கொட்டை பொருத்தம்தானே. எண்ணி முடித்து ஒரு கொட்டை மிஞ்சினாலோ குறைந்தாலோ பையன்கள் புத்தகத்தில் அச்சுப்பிழை தேடுவார்கள். இரண்டுமுறை கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். இலக்கண நூலை ஏன் இவ்வளவு இறுக்கமான பாவில் எழுதினார் என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இது: ஏடு பெயர்த்து எழுதுகிறவர் ஓர் எழுத்தை விட்டால் அடுத்தவர் எண்ணிப் பார்த்துப் பிடித்துவிடலாம். பாட்டுக்குள்ளேயே காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

காரிகை படித்துக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குக் காரிகை முழுதாகப் புரிந்ததே பேரிகை கொட்டியவர்களால்தான்.

செஞ்சிச் சுற்றுவட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போன பூமி. மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில்தான் மூலக்கோயில் என்று இந்தப் பக்கத்து மக்கள் நம்புகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சி இடம்பெற்றிருக்கிறது. திருவிழா என்றால் பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்து. விருத்தம், தரு, வசனம் என்று மாறிமாறிப் போகும். பிரசங்கியாருக்குக் கையில் புத்தகம் உண்டு. கூத்து வாத்தியாருக்கு அதுவும் இல்லை.

ஓர் இரவு ஆட்டம் முடிந்து விடிகாலையில் வேஷம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தேன். அறுசீர் விருத்தத்தை விளம், மா, தேமா, மறுபடி விளம், மா, தேமா என்று நான் வகுப்பில் சொல்லித் தருவதைச் சொன்னேன். அவர் அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதில்லை. "அதெல்லாம் தெரியாது சார். மூணாவது சொல்லுல மூச்சு வாங்கணும். அங்க வாங்கலன்னா ஆறாவதுல தொண்டை கட்டிக்கும்" என்றார். புத்தகத்தில் விருத்தத்தின் ஓர் அடியை இரண்டாக மடக்கி அச்சிட்டிருப்பார்கள். தாளில் இடம் போதாமல்தான் அப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். மடக்கிய இடமும் அவர் மூச்சு வாங்கும் இடமும் ஒன்றாக இருந்தன.

அன்றிரவே இன்னொன்று நடந்திருந்தது. கர்ணன் வேஷக்காரர் ஒரு விருத்தத்தில் ஒரு சொல்லை மறந்துவிட்டார். ஒரு நொடிகூட நிற்கவில்லை, வேறொரு சொல்லைப் போட்டுப் பாடிக் கடந்துவிட்டார். மத்தளக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் அலகிட்டேன். மறந்த சொல்லும் கூவிளம், போட்ட சொல்லும் கூவிளம். அவர் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அடுத்த வாரம் பத்தாம் வகுப்பில் 'சீர்' என்றால் என்ன என்று கேட்டான் ஒருவன். கர்ணன் கதையைச் சொன்னேன். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

காது சொல்வதைக் கணக்கு ஏற்காத இடமும் உண்டு. தேசிங்குராஜன் கதை அப்படித்தான் எனக்கு வாய்த்தது. செஞ்சிக் கோட்டைக்கு உரியவனாகிய தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதி 1714இல் இறந்தான். ஆண்டது சில மாதங்கள்தான். பாட்டில் அவன் முந்நூறு வருடமாகப் பாராசாரிக் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்பார்கள். ஒரு மாணவனின் பாட்டி அதைப் பாதிக்குமேல் மனப்பாடமாகப் பாடுவார். அவர் பாடப் பாட எழுதிக்கொண்டுவந்து அலகிட்டேன். தேமாவும் கருவிளங்காயும் கனியும் ஒழுங்கில்லாமல் கொட்டின. ஓரடியில் எழுத்து அதிகம், அடுத்த அடியில் பாதிதான். யாப்பே இல்லாத பாட்டு என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

மறுவாரம் பாட்டி அரிசி புடைத்துக்கொண்டே பாடினார். முறம் எழுந்து விழும் ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சு. எழுத்து குறைந்த அடியில் நெடிலை நீட்டினார், கூடிய அடியில் சொற்களை நெருக்கினார். முறம் மட்டும் தவறவே இல்லை. அடிக்கு நான்கு வீச்சு. நான் எழுத்தை எண்ணியிருந்தேன், அவர் காலத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு புதுச்சேரி அறிஞர் இரா. திருமுருகன் எழுதிய சிந்துப் பாவியலைப் படித்தபோது, தாளத்தில் நடக்கும் பாட்டுக்கு அசை, சீரைப் பார்க்கும் விதமே வேறு என்று அவர் விரித்துச் சொல்லியிருப்பதைக் கண்டேன். பாட்டியின் முறத்தைப் பார்த்தவனுக்கு அந்தப் புத்தகம் எளிதாக இருந்தது. நோட்டில் 'யாப்பே இல்லாத' என்பதை அடித்துவிட்டு, 'எனக்குத் தெரியாத யாப்பு' என்று எழுதினேன்.

அணி விஷயத்தில் நான் செய்த தவறுகள் இவற்றைவிட அதிகம். தண்டியலங்காரம் பொருளணி முப்பத்தைந்து சொல்கிறது. பள்ளியில் ஏழெட்டு வரும். விடைக்கு ஓர் அச்சு உண்டு: அணியின் பெயர், விளக்கம், சான்று, பொருத்தம். 'இப்பாடலில் எடுத்துக்காட்டு உவமையணி பயின்று வந்துள்ளது' என்று எழுதினால் பாதி மதிப்பெண். பயின்று வந்து என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று. வில்லிபுத்தூரார் வாதுக்கு வரும் புலவர்களின் காதில் துறட்டியை மாட்டிவிட்டுத்தான் பேசுவாராம். தோற்றவர் காது அறுந்துவிடும். செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையில் அருணகிரிநாதரோடு அந்த வாது நடந்தது என்பார்கள். அருணகிரியார் கந்தரந்தாதி பாடப் பாட வில்லிபுத்தூரார் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். ஐம்பத்து நான்காம் பாட்டு முழுக்கத் தகர வருக்க எழுத்தாலேயே இருந்தது. அதற்குப் பொருள் சொல்ல முடியவில்லை. வென்ற அருணகிரியார் அவர் காதை அறுக்காமல் விட்டார் என்று கதை முடியும்.

இதை அருணகிரியாரின் திறமைக்குச் சான்றாகத்தான் முதலில் சொல்லி வந்தேன். ஒருநாள் ஒரு பெண் கேட்டாள்: "பொருளே தெரியலன்னா அது எதுக்குய்யா பாட்டு?" நல்ல கேள்வி. நான் பதில் சொல்லாமல் பாட்டைத் தட்டிக்காட்டினேன். பொருள் தெரியாமலே வகுப்பு மத்தளம் வாசிப்பதுபோல் தாளம் போட்டது. "இதுக்குத்தான்" என்றேன். அவளுக்குப் பாதி நிறைவு. வீடு திரும்பும்போது துறட்டிதான் மனசில் இருந்தது. சிவப்புப் பேனாவோடு நானும் எத்தனை பிள்ளைகளின் காதை அறுத்திருக்கிறேன் என்று தோன்றியது. அணியின் பெயர் தப்பு என்று பூஜ்யம் போட்ட பிள்ளைகள் பிறகு பாட்டைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வழி வைத்துக்கொண்டேன். அணியை எடுத்துவிட்டுப் பாட்டைச் சொல்லிப் பார். எது குறைகிறது? குறைந்ததை உன் வார்த்தையில் எழுது. கடைசியாகப் பெயர் எழுது, தெரியாவிட்டால் விடு. தேர்வுக்கு இது ஒத்துவராது. ஆனால் இப்படிப் பழகியவர்கள் தேர்விலும் தோற்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் புதுக்கவிதை எழுதும் மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை 1959இல் தொடங்கிவிட்டார், 'வானம்பாடி' 1971இல் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கு அந்த அலை வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று. "ஐயா, இதுக்கு அலகிட முடியாதே" என்று ஒருவன் வெற்றிக் களிப்போடு நோட்டை நீட்டினான். வரியை ஏன் இந்த இடத்தில் ஒடித்தாய் என்று மட்டும் கேட்டேன். தெரியவில்லை என்றான். கூத்து வாத்தியாரின் மூச்சைப் பற்றிச் சொன்னேன். சத்தமாகப் படித்து, மூச்சு வாங்கும் இடத்தில் ஒடித்து எழுதி வா என்றேன். எழுதி வந்தான். மூன்று வரி குறைந்திருந்தது. சீரும் தளையும் இல்லாத கவிதையிலும் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதும் யாப்பு வேலைதான்.

2017இல் ஓய்வு பெற்றேன். இப்போது பழைய மாணவர்கள் கைப்பேசியைக் காட்டுகிறார்கள். 'அவலோகிதம்' என்றொரு மென்பொருள். பாட்டைத் தட்டச்சு செய்தால் அசை, சீர், தளை, தொடை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வந்து விழுகிறது. நான் அரை மணி நேரம் தொடையைத் தட்டிச் செய்த வேலை. எனக்கு வருத்தம் இல்லை. நோட்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சீரை நாம் பிரித்துத் தந்தபடிதான் எந்தக் கருவியும் கணக்குப் போடும். குரங்கைத் தனியாகவும் ஏறியைத் தனியாகவும் தட்டச்சு செய்துவிட்டு, கருவி பிழை காட்டுகிறது என்று என்னிடம் வருகிறார்கள். முதலில் உங்களைச் சந்தேகியுங்கள் என்ற பழைய பாடத்தைத்தான் திரும்பச் சொல்கிறேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. செய்தி வந்த வாரம் ஒரு போன். குரங்கு வெண்பா எழுதிய பையன். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியவன், வெளியூரில் வேலை.

"ஐயா, பேப்பர் பாத்தீங்களா? இனிமே கோட்டைக்கு நிறைய ஆள் வரும்."

"வரும்ப்பா. உன் குரங்குக்கு நல்ல வேட்டைதான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"குரங்கு இல்லைங்கய்யா, எங்கப்பா. கோட்டை வாசல்ல வெள்ளரிப் பிஞ்சு வித்துக்கிட்டு இருந்தாரு. சித்திரை வெயில்ல காலையில போனா சாயந்தரம் வரைக்கும் ஒரு ஆளு வராது. தள்ளுவண்டியை விட்டுட்டு மேடு ஏறி நின்னு பஸ் வருதான்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. அதைப் பாத்துட்டுத்தான் எழுதுனேன். நேரா எழுதக் கூச்சமா இருந்துச்சு."

சொல்ல வந்ததை மறைத்து, வேறொன்றைச் சொல்லி, அதன் வழியே அதை உணர்த்துவதற்குப் பிறிதுமொழிதல் அணி என்று பெயர். எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். எல்லா விடைத்தாளிலும் ஒரே உதாரணம். என் கண் முன்னாலேயே ஒரு பதினான்கு வயதுப் பையன் அதைச் செய்தபோது எனக்குத் தெரியவில்லை. தளையைச் சரிபார்த்தேன், எதுகையை மெச்சினேன், சந்தியை விளக்கினேன். கோட்டை வாசலில் அவன் அப்பாவிடம் நானே வெள்ளரிப் பிஞ்சு வாங்கியிருக்கக்கூடும். அந்த நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் நான் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: 'தளை சரி. அணி எதுவும் இல்லை. நகைச்சுவை நன்று.'

நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். வீடு மாறியதில் போய்விட்டது என்றான். கிடைத்தால் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். நடுவில் உள்ள வாக்கியத்தை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும்.